நட்டம் யாருக்கு, தம்பி?



ஆசிரியர் இதழில் வந்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிளஸ் டூ பொருளியல் வகுப்பை மூன்று நாடுகளாகப் பிரித்து, ஒரு நாட்டில் மிட்டாயை விற்கவும் வாங்கவும் விட்டிருக்கிறீர்கள். அடுத்த நாட்டில் தலைக்கு இரண்டு என்று பங்கிட்டீர்கள். மூன்றாவதில் பாதி பங்கீடு, பாதி வியாபாரம். பிள்ளைகள் சிரித்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடம் ஸ்மித்தையும் மார்க்ஸையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு உறுத்திய விஷயங்கள் இரண்டு. அவற்றைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பாதகமில்லை.

முதலாவது, அந்த மிட்டாய். அந்த விளையாட்டில் யாருக்கும் நட்டம் கிடையாது. தோற்ற நாட்டுக்காரனும் மணியடித்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். நட்டமே வராத இடத்தில் எல்லா அமைப்பும் நல்ல அமைப்புதான். சொத்து யாருடையது, விலையை யார் வைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பாடப்புத்தகமே கேட்டுவிடுகிறது. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் தொண்டை வற்றக் கேட்டது மூன்றாவது கேள்வி: கவிழ்ந்தால் நட்டம் யார் தலையில்? சக வாத்தியார்கள் எனக்கு ‘நட்டக்கணக்கு’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தப்பான பெயர் இல்லை.

நம் குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. தனியார் எஸ்டேட் இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கரில் மரம் வைத்திருப்பவரும் இருக்கிறார். மூன்று பேர் மரத்திலும் வடிவது ஒரே பால். தரம் ஒன்றானால் ஷீட்டுக்குச் சந்தை விலையும் ஏறக்குறைய ஒன்று. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அப்போது ஓர் ஏக்கர்க்காரர் பால்வெட்டுக் கூலிகூடக் கட்டவில்லை என்று மரத்தில் பால் வெட்டாமல் விட்டார். எஸ்டேட்காரர் ஆளைக் குறைக்கலாம். அரசுத் தோட்டத்தில் அதே நட்டம் கூலிப் பேச்சுவார்த்தைக்கும் கஜானாவுக்கும் போய்ச் சேரும். 2017 நவம்பர் 30-ல் ஒகி புயல் அடித்து இந்த மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் சரிந்தனவே, அதை உங்கள் மாணவர்கள் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள். புதுக் கன்று பால் தர ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு வருஷம் யாருடையது என்று கேளுங்கள். பொருளாதார அமைப்பு என்றால் என்னவென்று அவர்களே சொல்வார்கள்.

கடற்கரைக்குப் போனால் கணக்கு வேறு. கரைமடி வலை இழுப்பதில் சம்பளம் கிடையாது, பங்குதான். மடிக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. மீன் படாத நாளில் எல்லோருக்கும் பூச்சியம். நட்டத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் முன்பணம் கொடுத்த வியாபாரி வந்துவிட்டால் ஏலம் அவர் கைக்குப் போகிறது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் கடன் மீனவன் கணக்கில் நிற்கிறது. அந்தப் பிடியை உடைக்கத்தான் 1970-களில் நம் கடற்கரை ஊர்களில் மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கின. முதலாளித்துவமா, சமதர்மமா, கூட்டுறவா என்று பெயர் வைப்பது பிறகு. முட்டத்துப் பிள்ளைக்கு இது பாடமே இல்லை, வீட்டுப் பேச்சு.

இரண்டாவது குறை, உங்கள் கட்டுரையின் முடிவு: “ஆகவே கலப்புப் பொருளாதாரமே சிறந்தது.” இதை வாசித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிடித்த வாக்கியம் அது. அவியலுக்குக்கூட எந்தக் காய் எவ்வளவு என்று கேட்டுத்தானே நறுக்குகிறோம்? எதை அரசு வைத்துக்கொள்ளும், எதைச் சந்தைக்கு விடும், அதை முடிவு செய்வது யார் என்று கேட்காமல் கலப்பு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நம் மண்ணில் இந்தக் கலப்பு புதிதும் அல்ல. அன்று நம் ஊர் சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிளகு வாணிபத்தை அரசின் ஏகபோகமாக்கினார். ஆளையே சொத்தாக வைத்திருந்த அடிமை முறையைத் திருவிதாங்கூர் 1855-ல்தான் ஒழித்தது. 1865-ன் பண்டாரப்பாட்டப் பிரகடனம் சர்க்கார் நிலத்தை உழுதவனுக்கு அதை விற்கும் உரிமையைக் கொடுத்தது. சொத்து என்பது அரசு போடும் சட்டத்தால் உண்டாவது என்று காட்ட இந்த இரண்டு வருஷங்களே போதும். நான் வேலையில் சேர்ந்தபோது சமதர்மத்துக்கு உதாரணம் சோவியத் யூனியன். 1991 டிசம்பரில் அந்த நாடே கலைந்தது. அதற்குப் பிறகும் சில பிள்ளைகள் பரீட்சைத் தாளில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். நாட்டுப் பெயரை வைத்துப் பாடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

வீட்டுக் கதையிலேயே பாடம் இருக்கிறது. என் அம்மாவுக்கு அரசுப் பங்கீடு என்றால் மரச்சீனிக் கிழங்கு. 1942-ல் பர்மாவை ஜப்பான்காரன் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு அரிசி வரவு நின்றது. கிழங்கைத் தின்று வளர்ந்த கதையை அவள் ஒவ்வொரு சோற்று உருண்டையோடும் சொல்வாள். நான் பையனாக இருந்தபோது மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை போகும் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பை, பெண்கள் மடியில் பை. செக்போஸ்ட் நெருங்கினால் பஸ்ஸே மௌனமாகிவிடும். நாஞ்சில் நாட்டு அரிசிக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. இன்றும் பேப்பரைப் பிரித்தால் கேரளாவுக்குக் கடத்த முயன்ற ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். எல்லைக்கு அப்பால் அதற்குக் காசு உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் நடுவில் ஒரு தொழில் முளைக்கும். அந்தச் செய்தியை வெட்டி ஒட்டினாலே ஒரு பீரியட் ஓடிவிடும்.

இனி, உங்கள் கட்டுரையில் நான் மூன்று முறை வாசித்த பத்தி. ஒரு மாணவி தன் பாட்டி வேலை பார்க்கும் அண்டி ஆபீஸை, அதாவது முந்திரி ஆலையைப் பற்றிச் சொன்னது: கூலி நாளுக்கு அல்ல, உரித்த கிலோவுக்கு, பருப்பு உடைந்தால் கூலி குறையும். தம்பி, அதைப் போல ஒரு பத்தியை நான் என் காலத்தில் எந்த ஆசிரியர் எழுதியும் பார்த்ததில்லை. நான் கேட்கும் கேள்விக்கு அந்தப் பாட்டி ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டாள். நீங்களோ அதை ஐந்து வரியில் முடித்துவிட்டு மிட்டாய்க்குத் திரும்பிவிட்டீர்கள்!

அதற்குள் எவ்வளவு கிடக்கிறது தெரியுமா? பச்சை அண்டியில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கூலிச் சட்டமும் தொழிற்சங்கமும் வலுவாக இருந்த கொல்லத்தை விட்டு முதலாளிமார் சிலர் நம் மாவட்டத்துக்கு வந்தார்கள். கேரள அரசு 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, மூடிக்கிடந்த ஆலைகளை எடுத்து நடத்தியது. அங்கே நட்டத்தைச் சுமப்பது கஜானா. இங்கே உடைந்த பருப்பின் நட்டத்தைச் சுமப்பது பாட்டி. ஒரே கொட்டை, ஒரே வேலை, நடுவில் ஒரு செக்போஸ்ட். இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பரீட்சைக்கு நிறை மூன்று, குறை மூன்று எழுதப் பழக்குங்கள். மார்க் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாணவியை மறுபடி பாட்டியிடம் அனுப்புங்கள். கிலோவுக்கு என்ன கூலி, வாரத்தில் எத்தனை நாள் வேலை, ஆபீஸ் பூட்டிய மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது முதலில் அவள் பெயரைப் போடுங்கள், இரண்டாவதாக உங்கள் பெயரை.