தரையிலிருந்து எழ வேண்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. பிசியோதெரபி கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். மெஷின் பத்தவில்லை என்று புலம்புகிறாயாமே! மெஷினைவிடப் பெரிய குறை நம் பாடத்திலேயே இருக்கிறது.

நம் பாடப்புத்தகங்கள் நாற்காலியிலும் கட்டிலிலும் வாழ்கிறவர்களுக்காக எழுதியவை. நாற்காலியில் உட்கார முழங்கால் 90 பாகை மடங்கினால் போதும். குந்துவதற்கு 130க்கு மேல் வேண்டும். நம் பக்கத்து நெடுங்காட்டில் வயல் நடவுக்குப் போகிற அம்மாவுக்கு 100 பாகை வந்ததும் 'நல்ல முன்னேற்றம்' என்று கேஸ் ஷீட்டை மூடினால், அவள் கழிப்பறைக்கு எப்படிப் போவாள்? முதல் வருஷத்திலேயே பாயை விரித்துப் போடு. தரையிலிருந்து எழுவதைப் பிள்ளைகள் ஒரு காலை மடக்காமல் செய்து பார்க்கட்டும்.

பக்கவாதத்தில் விழுந்தவரை வீட்டார் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். தசை தளர்ந்த தோள் மூட்டு அதில் இன்னும் இறங்கிவிடும். தோள்பட்டை நுனிக்குக் கீழே விழும் பள்ளத்தை மாணவர் தன் விரலை வைத்தே உணர வேண்டும். பிறகு இடுப்பைப் பிடித்துத் தூக்க அந்த வீட்டு மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மார்க் இதற்குப் போடு.

நோயாளியின் அன்றாடத்தைப் பார்ப்பது புதிதல்ல. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையில் நிமிர்த்தியதோடு விடவில்லை. உணர்ச்சியற்ற கையில் புண் வராதபடி அவர்கள் பிடிக்கும் கருவிகளின் கைப்பிடிகளையும் மாற்றினார்.

2021இல் பிசியோதெரபி போன்ற துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. பாடத்திட்டம் மேலிருந்து வரும், அதில் நீ கைவைக்க முடியாது. ஆனால் மதிய நேர பிராக்டிகல் உன் கையில்தான் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்களில் அதே வருஷம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோவை வீட்டுக்கே அனுப்புகிறது. அங்கே வேலைக்குப் போகிற உன் மாணவரிடம் ஒரு பைதான் இருக்கும். கேட்க சீனியரும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

அதற்குப் பழக நல்ல நேரம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை இழுத்துத் தோள் போனவர்கள் வீட்டில் இருப்பார்கள். கிளிஞ்சல்மேடு மீனவர் கிராமத்துக்கு ஒரு பேட்ச்சைக் கூட்டிப்போ. முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிடு. அவர்களே வீடு காட்டுவார்கள்.

அன்புடன்,
மாமா