சாவு வீட்டில் தடுமாறும் ஆயர்

கேள்வி: எங்கள் ஆயர் பிரசங்கத்தில் வெளுத்துவாங்குகிறார், சாவு வீட்டில் தடுமாறுகிறார். படிப்பில் குறையா?
– வாசகர், பொம்மையார்பாளையம்

பதில்: பாதி படிப்பில், மீதி உங்களிடம். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களைக் குடிசைப் பகுதிகளில் தங்கவைத்துப் பழக்கியது. உங்கள் மீனவர் ஊரில் படகு கரை சேரும் நேரம் தெரியாமல் ஆராதனை வைப்பவருக்கு அந்தப் பழக்கம்தான் தேவை. 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், உங்கள் பக்கத்துக் கடலூர்க்காரர். அவரும் அதற்குமுன் பல வருஷம் உபதேசியாராக உழைத்துப் பழகியவர்தான்.

அது கிடக்கட்டும், உங்கள் பாதிக்கு வருவோம்: ஆயருக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா? வருஷத்தில் ஒரு வாரமாவது லீவு உண்டா? சாவு வீட்டில் அவர் பேசவே வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி நாலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூட உட்காரட்டும். அடுத்தமுறை சபை மூப்பர் ஒருவர் துணைக்குப் போகட்டும்.