கடம்பாவுக்கு மூன்று இதயம்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் சுற்றோட்டமும் நரம்பு மண்டலமும் அடுத்தடுத்த பாடங்கள். ஒன்றில் இதயப் படம், மற்றதில் நியூரான் படம். வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். கீழ்புத்துப்பட்டில் என்னிடம் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இந்த இரண்டையும் பிரித்து நடத்துவதில்லை. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களின் பிள்ளைகள், கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து “ரீச்சர்” என்று கூப்பிட்டபடி வருகிறவர்கள் என்று எல்லாரும் கலந்த வகுப்பு. வெயிலில் நின்று உழைக்கும் ஓர் உடம்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பாடத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் நாடி. கட்டைவிரலால் பிடிக்க விடாதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். உட்கார்ந்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கட்டும். பிறகு சட்டென்று எழுந்து நின்று மறுபடி எண்ணட்டும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து கூடியிருக்கும். எழுந்ததும் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கீழே இறங்குகிறது. கழுத்துத் தமனியின் சுவரில் உள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைந்ததை முகுளத்துக்குத் தெரிவிக்க, அது இதயத்தை முடுக்கி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

உப்பளத்தில் இந்த ஏற்பாடு திணறிப் போகிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கிறது. அதில் தோலுக்குப் போவது அரை லிட்டருக்குள்தான். உடம்பு சூடானால் தோலின் குழாய்களைத் திறந்துவிடச் சொல்கிறது ஹைப்போதலாமஸ். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே 6 முதல் 8 லிட்டர்வரை போகலாம். வேலை செய்யும் தசை தன் பங்கைக் கேட்கும். எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இறைப்பதில் 15 சதவீதம் கேட்கும். இதற்கிடையில் வியர்வை இரத்தத்தின் நீரையே குறைக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சொட்டினால் குளிர்ச்சியும் கிடைக்காது, நீரும் நட்டம்.

வாருவதை நிறுத்திவிட்டு வெயிலில் அசையாமல் நிற்பது அதைவிட மோசம். கெண்டைக்கால் தசை சுருங்கி மேலே தள்ளாவிட்டால் இரத்தம் காலிலேயே தேங்கும். தலைசுற்றியவரைப் பிடித்து நிறுத்தி, நாலு பேர் சூழ்ந்து கன்னத்தைத் தட்டுவது நம் ஊர் வழக்கம். வேண்டாம். நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். பேச்சு உளறினாலோ ஆள் அடையாளம் தெரியாவிட்டாலோ வெப்பம் மூளையைத் தாக்கிவிட்டது என்று பொருள். தோல் வியர்த்துத்தானே இருக்கிறது என்று அசட்டையாக இருக்காமல், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நரம்புக்கு நான் நம்புவது கடம்பாவை. கணவாய் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் புரியும். வலைக்காரர் வீட்டுப் பிள்ளை யாராவது கொண்டுவந்துவிடும். நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவினால், உட்சுவரில் நட்சத்திர வடிவில் இரண்டு முடிச்சுகளும் அவற்றிலிருந்து கிளைக்கும் வெள்ளை நூல்களும் தெரியும். பெரிய கடம்பாவில் ஒரே நரம்பிழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அப்படிப்பட்ட இழைக்குள்தான் 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் மின்முனையை நுழைத்தார்கள். சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியேறுவதும்தான் நரம்புச் செய்தி என்பதை 1952-இல் விளக்கினார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

“அப்ப எங்கம்மா வார்றதுதான் நரம்புல ஓடுதா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். பாதி சரி என்றேன். உப்பில் சோடியம் பாதி, குளோரின் மீதி. இதைவிட நல்ல கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை.

அதே கடம்பாவில் சுற்றோட்டத்தையும் நடத்தலாம். செவுள்களுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என்று மூன்று இதயங்கள். இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீல நிறம். கூர்க்கத்தி வேண்டாம், கத்திரிக்கோலே போதும். வகுப்பு முடிந்ததும் அது குழம்புக்குப் போய்விடுவது தனி லாபம்.

உப்புப் புராணம் பாடியபின் பிள்ளைகள் வெறும் உப்பைத் தண்ணீரில் கரைத்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அளவையும் சொல்லிவிடுகிறேன். குடலில் சோடியம் குளுக்கோஸோடு சேர்ந்தால்தான் நன்றாக உள்ளே போகும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் உழைத்தது பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள் என்று நான் சொல்லி அனுப்பினால், “குடிச்சா ஒதுங்க இடம்? உங்க டீச்சரை ஒருநாள் பாத்திக்கு வரச் சொல்லு” என்று அம்மாக்களிடமிருந்து பதில் வருகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு. அதற்குப் பயிற்சியாக, உப்பளத்தில் கழிப்பறையும் நிழற்கொட்டகையும் கேட்டு மனு எழுதச் சொல்கிறேன். நன்றாக வந்ததைக் கிராம சபைக்கு எடுத்துப் போகலாம்.