பாதியில் நின்ற ஆட்டத்தைத் தொடர

ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் பெரும்பாலும் ஒரே மாலையில் முடிவதில்லை. வரதராஜன்பேட்டை போன்ற முந்திரிக்காட்டு ஊர்களில் பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் வேலை வந்துவிட்டால், ஆட்டம் நாள்கணக்கில் தள்ளிப்போகும். அதே குழு மீண்டும் கூடும்போது சண்டை வராமலிருக்க:

1. ஆடுபுலிக் கட்டத்தை அட்டையில் வரைந்து, 23 புள்ளிகளுக்கும் எண் இடவும். புலி 3, ஆடு 15. ஒவ்வொன்றும் நிற்கும் எண்ணையும், இன்னும் இறக்காத ஆடு எத்தனை, வெட்டுப்பட்டது எத்தனை என்பதையும் குறித்துக்கொண்டால், காய் கலைந்தாலும் ஆட்டம் கலையாது.

2. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதை முதலிலேயே முடிவு செய்யவும். இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.

3. ஆடுகளை ஓரத்திலிருந்து வைத்து வரவும். பின்னால் காலிப் புள்ளி இல்லாத ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது.

4. ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறவும். எப்போதும் புலியே ஆடுபவருக்கு ஆட்டின் கஷ்டம் புரியாது.

5. பல்லாங்குழியில் ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் முத்துகளை எண்ணி எழுதி, தனித்தனி டப்பாவில் போடவும். குழிக்கு 5 முத்து என்றால் 14 குழிக்கு 70. கையில் 23 மட்டுமே மிஞ்சியவர் அடுத்த சுற்றில் 4 குழிகளைத்தான் நிரப்ப முடியும். மிச்சம் 3 முத்து. ஒன்று தொலைந்தாலும் கணக்கு கெடும்.

6. பச்சை முந்திரிக்கொட்டையைக் காயாக வைக்க வேண்டாம், புளியங்கொட்டையே நல்லது. முந்திரி ஓடு உடைந்தால் கசியும் எண்ணெய் பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கிவிடும்.