நாயொடு காடு புகுவார்க்கு

நாய் நன்றியுள்ள விலங்கு என்பதனை அறியாதார் இலர். அஃது இல்லத்திற்குக் காவல், சிறார்க்குத் தோழன், தனிவழிச் செல்வார்க்குத் துணை. ஆயினும் இல்லத்தில் நற்குணமுடைய அவ்வுயிர், காட்டினுள் அடிவைத்த அளவில் ஆங்கு வாழும் உயிர்கட்கு யாதாகின்றது என்பதனை எண்ணிப் பார்ப்பார் சிலரே. நாமும் முன்னர் எண்ணியதில்லை. பங்குனிக் காலையொன்று நமக்கு அதனைக் கற்பித்தது. அப்பாடத்தையே மாணாக்க நண்பர்க்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

மேல்மலையனூர் செஞ்சிக்கு வடமேற்கே உள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்த செஞ்சிக் கோட்டையைக் கண்டவர்கள் அந்நிலத்தின் இயல்பை ஒருவாறு அறிவர். எங்கும் பெரும்பாறைகள், அவற்றிடையே காரையும் சூரையும் வெள்வேலும் ஆவாரையும் செறிந்த புதர்கள். மாசியில் அங்காளம்மன் திருவிழாவிற்குத் திரண்ட கூட்டம் கலைந்தபின் ஊர் அமைதியுறும், பங்குனியும் பிறக்கும். பனி நீங்கி இளவேனில் தோன்றும் அந்நாளில் புங்கும் வேம்பும் தளிர்விடும். புரசு இலையுதிர்த்துச் செம்பூவே போர்த்து நிற்கும். சுனைகளில் நீர் குறையும். ஆதலின் விலங்கும் பறவையும் எஞ்சிய நீரை நாடி விடியலிலும் அந்தியிலும் வெளிப்படும். இலையுதிர்ந்தமையால் அவற்றிற்கு மறைவிடமும் குறைவு. காட்டுயிரைக் காண்டற்கு இதனினும் ஏற்ற காலம் இல்லை. அவற்றிற்கு இடர் விளைத்தற்கு எளிய காலமும் இதுவே.

அத்தகைய காலையொன்றில் நம் நாட்டு நாயை உடன்கொண்டு புதர்க்காட்டின் ஓரமாக நடந்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்டு, அஃது ஓடி மகிழ்வது கண்டு நாமும் மகிழ்ந்தோம். சிறிது தொலைவு சென்றதும் ஆள்காட்டிப் பறவைகள் இரண்டு உரக்கக் கூவியபடி நம் தலைக்குமேல் சுழன்றன. நாய் அவற்றைத் துரத்திற்று. நாம் அதனை விளையாட்டென்று கருதி நின்றோம். அப்போது ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர், "ஐயா, நாயைக் கூப்பிடுங்கள், அங்கே முட்டை கிடக்கிறது" என்றார். அவர் சுட்டிய இடத்தில், பரற்கற்களிடையே, மண்ணிறத்தில் கரும்புள்ளியிட்ட முட்டைகள் நான்கு கிடந்தன. கண்ணெதிரே கிடந்தும் அவர் காட்டிய பின்னரே கண்டோம்.

நாயை அழைத்தோம். அது வேறொரு புதரிலிருந்து வாயில் எதனையோ கவ்விக்கொண்டு வந்தது. உள்ளங்கையளவான முயற்குட்டி அது. மெய்யில் வெம்மை இருந்தது, உயிர் இல்லை. நாய் அதனை நம் காலடியில் வைத்து, பாராட்டை எதிர்நோக்கி வாலாட்டி நின்றது. அடிக்க ஓங்கிய கை தானே தாழ்ந்தது. கயிற்றை அவிழ்த்த கை அதுவேயன்றோ!

அன்று முதல் இவ்வுயிர்களின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கலானோம். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிற் சிறு குழியில் முட்டையிடும். வெயில் ஏறியபின் தாய்ப்பறவை நிழல் செய்தும், மார்பின் இறகை நீரில் நனைத்து வந்தும் முட்டையைக் குளிர்விக்கும். நாய் முட்டையைத் தொடாவிடினும், தாயை நெடுநேரம் விரட்டினாலே வெம்மையால் கரு அழிதல் கூடும். காட்டுமுயலின் குட்டி, மயிர் நிறைந்து கண் திறந்தே பிறக்கும். பகைவர்க்கு இடம் தெரியாதிருத்தற்பொருட்டுத் தாய் அதனைப் பகலில் தனியே விட்டு அகன்றிருந்து, இருளில் வந்து பாலூட்டும். குட்டிக்கு அசையாமையே அரண். மனிதன் கண்ணுக்கு அவ்வரண் போதும். நாயின் மூக்கிற்குப் போதாது. இதனை அறியாதார், தனித்த குட்டியைத் தாயிழந்ததென எண்ணி இல்லத்திற்கு எடுத்துச் செல்வதும் உண்டு, அதுவும் பிழையே.

பல்லினும் கொடியது நோய். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் பகுதியில் டிஸ்டம்பர் என்னும் நோயால் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மாண்டது. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்தே அது பரவியதென ஆராய்ந்தோர் கருதினர். 2018-ல் நம் நாட்டுக் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அந்நோய்க்கிருமி காணப்பட்டது. செஞ்சிக் குன்றுகளிற் சிங்கம் இல்லை. ஆயினும் நாயினத்தைச் சேர்ந்த குள்ளநரிக்கும் அந்நோய் பற்றும். வெறிநோயோ விலங்கையும் மனிதனையும் ஒருங்கே கொல்வது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றது அந்நோயின் கொடுமை கருதியே.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொற்குத் தரும் பொருளில், கொல்லுதலேயன்றித் துரத்துதலும் அடங்கும். முயலின்மேல் நாயை ஏவுவது விளையாட்டாகாது, குற்றமாகும்.

இவற்றைக் கேட்டு நாயை வெறுத்தல் வேண்டா. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனருகே காத்து நின்றது என்று கல் கூறுகின்றது. நாய் தலைவன் கருத்துவழி நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அது செய்யும் நன்மையில் நமக்குப் பங்குண்டாயின், தீமையிலும் உண்டு.

ஆகவே நாயொடு உலாவுவார் கடைப்பிடிக்கத் தக்கன சில. ஆண்டுதோறும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி இடுக. காப்புக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றிப் புகாதொழிக. வழித்தடம் விட்டு விலகற்க. சருகினடியில் கண்ணாடி விரியன் கிடத்தல் கூடும். பாறை சுடுமுன் வீடு திரும்புக. நாய்க்கு வேண்டும் நீரையும் உடன்கொள்க. ஆள்காட்டி கூவின் நின்று, வந்த வழியே மீள்க. அனைத்தினும் முதலாவது, கயிற்றைக் கையினின்று விடாதிருத்தல்.

நம் நாய் இன்றும் நம்மோடு நடக்கின்றது. கயிறு அதன் மகிழ்ச்சியைக் குறைத்ததாகத் தோன்றவில்லை. மறுபங்குனியில் அப்பரல்நிலத்தருகே ஆள்காட்டி கூவியது. நாயொடு அங்கேயே நின்று, திரும்பினோம். சிறிது நேரத்தில் அக்கூவல் அடங்கிற்று.