பெரிய கப்பல் என்றால் சக்கர நாற்காலிக்குக் கவலையில்லையா?

சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப்போக விரும்பும் குடும்பங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கப்பல் புதியதாகவும் பெரியதாகவும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்பது அது. இதில் பாதி உண்மை. பெரிய கப்பல்களில் லிஃப்டுகள் அதிகம்; பொது இடங்கள் விசாலம்; சிலவற்றில் நீச்சல் குளத்துக்குள் இறக்கிவிடும் மின் இருக்கைகூட இருக்கிறது. மறுபாதி, கப்பல் போய் நிற்கும் ஊர்களில் இருக்கிறது. ஊரை ஒட்டித் துறைமேடையில் நின்றால் சாய்தளத்தின் வழியே நாற்காலியை உருட்டிக்கொண்டு இறங்கலாம். கரையை விட்டுச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றாலோ, டெண்டர் எனப்படும் சிறுபடகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் பெரிதாகப் பெரிதாக ஆழமும் நீளமும் உள்ள துறைமேடை தேவைப்படும். அது எல்லா ஊரிலும் கிடையாது. பெரிய கப்பலே சில ஊர்களில் பாதகமாகிவிடுவது இதனால்தான்.

நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர், பினாங்கு, புகெட் வழித்தடத்தையே பாருங்கள். சிங்கப்பூரிலும் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் கப்பல் துறைமேடையை ஒட்டியே நிற்கும். புகெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டுப் படகில்தான் ஆட்களை இறக்குகின்றன. கிரீஸின் சாண்டோரினியில் சிக்கல் இரட்டிப்பு. படகில் பழைய துறைமுகத்தை அடைந்த பிறகும், செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கும் ஃபீரா ஊருக்குக் கேபிள் காரிலோ நூற்றுக்கணக்கான படிகளிலோதான் ஏற வேண்டும். எவ்வளவு நவீனமான கப்பலில் வந்தாலும் அந்தப் படிகள் அங்கேயேதான் இருக்கும்.

கப்பல் ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். படகில் ஏறும் இடத்தில் நின்று பார்த்தால் பதில் புரியும். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். வெளியே மேடை, மேடையை ஒட்டிப் படகு. அலைக்குத் தகுந்தபடி படகு மட்டும் ஏறி இறங்கும். இடைவெளி கூடும், குறையும். கைத்தள்ளு நாற்காலியைத் தாண்டவைப்பதே அங்கே கடினம். பேட்டரியோடு நூறு கிலோவைத் தாண்டும் மின் நாற்காலியைக் கைகளால் தூக்குவது ஆபத்து. அதனால் பல நிறுவனங்கள் ஆளைத் தூக்க ஊழியர்களை அனுமதிப்பதில்லை. சில கப்பல்களில் படகில் ஏற்ற லிஃப்ட் உண்டு. அங்கும் அன்றைய கடலைப் பார்த்து மறுக்கும் உரிமை கேப்டனுக்கு இருக்கிறது. சட்டம் காப்பாற்றும் என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்கக் கடற்பகுதிக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கப்பலின் பாதுகாப்பைக் குலைக்கும் கட்டமைப்பு மாற்றத்தைச் சட்டம் கேட்கவில்லை என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி இலவச உதவியை உறுதிசெய்கிறது; துறைமுகக் கட்டமைப்பு பாதுகாப்பாக ஏறி இறங்க இடம் தராவிட்டால் மறுக்கவும் அதே விதி அனுமதிக்கிறது.

கப்பலே ஓர் ஊர்தானே, கரையிறங்காவிட்டால் என்ன என்பார்கள். அதைத் தானே விரும்பித் தேர்ந்தெடுப்பவருக்கு அது நல்ல விடுமுறைதான். தெரியாமல் பணம் கட்டிவிட்டு, குடும்பம் ஊர் பார்க்கப் போகும்போது தனியே மேல்தளத்தில் உட்கார நேர்வது அநியாயம். அறையிலும் இதே கதைதான். சக்கர நாற்காலிக் குறி போட்ட அறைகள் எல்லாம் ஒன்றல்ல. சில அறைகள் நாற்காலியிலேயே இருப்பவருக்கு. சில, கைப்பிடி பிடித்துச் சில அடி நடக்க முடிந்தவருக்கு. இரண்டாம் வகையில் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கலாம். சிலவற்றில் கட்டிலின் ஒரு பக்கம் மட்டுமே நாற்காலி போகும். இடப்பக்கமாக மட்டுமே கட்டிலுக்கு மாறக்கூடியவருக்கு வலப்பக்க இடைவெளியால் பயனில்லை.

ஆகவே கப்பலின் பெயரைப் பார்க்கும் முன் வழித்தடத்தைப் பாருங்கள். எந்தத் துறைமுகத்தில் மேடை, எதில் படகு? அறைக்கதவும் குளியலறைக் கதவும் எத்தனை சென்டிமீட்டர்? வாசலில் படி உண்டா? கட்டிலின் எந்தப் பக்கம் இடம்? மின் நாற்காலியின் பேட்டரி வகையை ஏற்பார்களா? ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.