முன்னால் போன கார் விலகிய பிறகு மூன்று விநாடி

போன எபிசோடில் டிரைவர் அசிஸ்ட் பற்றிப் பேசும்போது, "டிராஃபிக் ஜாம்ல அடாப்டிவ் குரூஸ் போட்டுட்டா நிம்மதியா வரலாம்"னு ரொம்ப சுலபமாச் சொல்லிட்டேன். எடிட் பண்ணும்போதே உறுத்திச்சு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன், ஏன்னா அந்த மீதியில் நானே ஒரு தடவை மாட்டப் பார்த்தேன்.

என் வீடு ஈஸ்ட் டாமாக்கியில். சாயங்காலம் ஆக்லாந்து சிட்டியிலிருந்து திரும்ப சதர்ன் மோட்டார்வேதான் வழி. மவுண்ட் வெலிங்டன் பக்கம் வரும்போது வேகம் 30, 20, அப்புறம் சைபர், மறுபடி 25. இந்த மாதிரி நேரத்தில் ஏசிசி மாதிரி ஒரு வரம் கிடையாது. கால் வலி இல்லை, எரிச்சல் இல்லை. முன்னால் போற வேன் நின்றால் நம்ம கார் நிற்கும், அது நகர்ந்தால் நகரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். ஹைப்ரூக் எக்ஸிட் வந்தது, இண்டிகேட்டர் போட்டு ஆஃப்-ரேம்ப்பில் திருப்பினேன். வேன் மோட்டார்வேயிலேயே நேராகப் போய்விட்டது. அடுத்த நொடி என் கார் சீறிக் கிளம்பியது. ரேம்ப்பில் முன்னால் சிவப்பு பிரேக் லைட்களோடு ஒரு வரிசை அசையாமல் நிற்கிறது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

காரில் எந்தக் கோளாறும் இல்லை. சொன்னதைத்தான் செய்தது. அரை மணி நேரம் முன்னாடி, ரோடு காலியாக இருந்தபோது, நான்தான் செட் ஸ்பீடை 100-ல் வைத்திருந்தேன். ஜாமில் மாட்டியதும் அந்த எண்ணையே மறந்துவிட்டேன்.

ஏசிசியின் உள்ளே ஓடுகிற லாஜிக்கை சுருக்கினால் ஒரே ஒரு இஃப்-எல்ஸ்தான். முன்னால் ஒரு வண்டி இருந்தால், அதற்கு ஏற்ற வேகம், செட் ஸ்பீடு, இந்த இரண்டில் எது குறைவோ அதில் போ. வண்டி இல்லையென்றால் செட் ஸ்பீடை நோக்கிப் போ. ஜாமில் நாம் முழு நேரமும் முதல் கிளையில் இருக்கிறோம், அதனால் இரண்டாவது கிளை இருப்பதே மனசில் இருக்காது. முன்வண்டி லேன் மாறினாலோ, நாம் எக்ஸிட் எடுத்தாலோ, வளைவில் ரேடார் அதைத் தவறவிட்டாலோ, காரின் கணக்கில் ரோடு காலி. 30-ல் இருந்து 100 வரை போக அதற்கு அனுமதி இருக்கிறது, நீங்களே கொடுத்த அனுமதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கி.மீ. வேகத்தில் இருக்கும் கார், ஒவ்வொரு விநாடிக்கும் 1.5 மீட்டர்/விநாடி கூட்டிக்கொண்டே போனால், மூன்றே விநாடியில் 46 கி.மீ.யைத் தொடும். வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது கிட்டத்தட்ட இரண்டேகால் மடங்கு. அந்த மூன்று விநாடியில் நீங்கள் 30 மீட்டருக்கு மேல் வரிசையை நெருங்கியும் விட்டீர்கள்.

"சரி, நிற்கிற வண்டியை ரேடார் பார்க்காதா?" பார்க்கும். நம்புமா என்பதுதான் கேள்வி. ரேடார் டாப்ளர் மூலம் எதிர்ப் பொருளின் வேகத்தை அளக்கிறது. நீங்கள் 80-ல் போகும்போது தலைக்கு மேலே உள்ள எக்ஸிட் போர்டு, பாலம், ஓரத்துத் தடுப்பு, ரோட்டில் கிடக்கும் ஒரு தகர டப்பா எல்லாமே 80-ல் உங்களை நோக்கி வருகின்றன. நின்றுகொண்டிருக்கும் லாரியும் அப்படியேதான் வருகிறது. பழைய ரேடார்களுக்கு உயரத்தைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவன் நம்மை இடிப்பான், அதனால் நிற்கிற பிரதிபலிப்புகளை மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளுகிறது. இங்கேதான் நம்மை ஏமாற்றுகிற விஷயம்: ஓடும்போதே ரேடார் பிடித்துவைத்த வண்டி பிறகு நின்றால், அதை அது விடாது. ஜாமில் தினமும் நாம் பார்ப்பது இது. நூறு தடவை சரியாக நிற்கிறது, நம் நம்பிக்கை ஏறுகிறது. நூற்றியோராவது தடவை முன்னால் இருப்பது, அது ஒருபோதும் ஓடிப் பார்த்திராத வண்டி. கேமராவையும் ரேடாரையும் சேர்த்துப் பார்க்கும் புதிய கார்கள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் அவற்றின் மேனுவல்களிலும் நிற்கிற வண்டிகள் பற்றிய எச்சரிக்கைப் பத்தி பொதுவாக இருக்கவே செய்கிறது.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் ஒன்று உண்டு. 2018 ஜனவரி 22, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி, 405 நெடுஞ்சாலை. வேறொரு விபத்துக்காக விளக்கு எரியவிட்டு ஒரு தீயணைப்பு வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்டோபைலட்டில் வந்த டெஸ்லா மாடல் எஸ், முன்னால் போன வண்டியைத் தொடர்ந்து மணிக்கு 21 மைல், அதாவது 34 கி.மீ. வாக்கில் வந்துகொண்டிருந்தது. மோதலுக்கு மூன்று நான்கு விநாடி முன்பு அந்த முன்வண்டி வலது பக்கம் லேன் மாறியது. டெஸ்லாவின் செட் ஸ்பீடு 80 மைல். கார் வேகமெடுத்தது, ஏறத்தாழ 31 மைலில், நம் கணக்கில் 50 கி.மீ., தீயணைப்பு வண்டியின் பின்புறத்தில் மோதியது. நல்லவேளை, ஓட்டுநருக்குக் காயம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி விசாரித்து 2019-ல் அறிக்கை தந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஹைப்ரூக் ரேம்ப்தான் ஞாபகம் வந்தது. அதே 30 சொச்சம், அதே காலியான இஃப்-எல்ஸ்.

இப்போது நான் செய்வது இதுதான். ஜாம் ஆரம்பித்ததும் செட் ஸ்பீடைக் கீழே இறக்கிவிடுவேன். வரிசை அதிகபட்சம் 30-ல் நகர்ந்தால் 40. அப்போது முன்வண்டி விலகினாலும் கார் தாவிக் குதிக்காது, எனக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். எக்ஸிட்டுக்கு முன்பே கேன்சல் பட்டன், ரேம்ப் முழுக்க என் கால்தான். முன்வண்டி இண்டிகேட்டர் போட்டாலே என் கால் பிரேக் மேலே போய்விடும். இது இப்போது யோசிக்காமலே நடக்கிறது.

இடைவெளி செட்டிங் பற்றி ஒரு சண்டை எப்பவும் நடக்கும். "லாங் வெச்சா எல்லாரும் உள்ள நுழைஞ்சிடறாங்க." நுழையட்டுமே. ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி இழப்பீர்கள், பத்துப் பேர் நுழைந்தாலும் 20 விநாடி. பதிலுக்குக் கிடைப்பது, முன்வண்டிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்ற காட்சி. வேனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் உங்களுக்கும் தெரியாது, ரேடாருக்கும் தெரியாது. இன்னொரு தப்பபிப்பிராயம், ஏசிசி போட்டால் ஜாம் கரையும் என்பது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் வொர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018 மாடல் கார்கள் ஏழைச் சோதித்தார்கள். முன்னால் ஒருவர் லேசாக வேகம் குறைத்தால் அந்த அதிர்வு பின்னால் போகப் போகப் பெரிதாகும் குணம் ஏழிலுமே இருந்தது.

ஏசிசி எல்லாம் மோட்டார்வேயோடு சரி. டி ராகாவ் டிரைவ், டெ இரிரங்கி டிரைவ் மாதிரி சிக்னல் ரோட்டில் நான் அதைத் தொடுவதில்லை. சாதாரண ஏசிசிக்கு சிவப்பு விளக்கு என்றால் என்னவென்றே தெரியாது. முன்வண்டி ஆரஞ்சில் தாண்டினால் உங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நின்ற பிறகு மூன்று விநாடி தாண்டினால் பல கார்கள் ரெஸ்யூம் பட்டனையோ ஆக்சிலரேட்டரையோ தொடச் சொல்லும். அதைத் தொல்லை என்று திட்டாதீர்கள். முன்னால் குறுக்கே யாராவது நடக்கிறார்களா, லேனுக்கு நடுவில் பைக் வருகிறதா என்று நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்கான இடம் அது. போனைப் பார்ப்பதற்கான இடைவேளை என்று எடுத்துக்கொண்டால், நியூசிலாந்தில் ஜாமில் நிற்கும்போதும் போனைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, என்னை மாதிரி ஜப்பான் இறக்குமதி வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. மேனுவல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது என்று டாஷ்போர்டு பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பீர்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்து, குரூஸ் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். "ஜென்ஷசோகு" என்று வந்தால் எல்லா வேகத்திலும் தொடரும் வகை, நிற்கும் வரை பிரேக் போடும். அது இல்லாத சில கார்கள் 30 கி.மீ.யை ஒட்டி ஒரு பீப் அடித்துவிட்டுக் கையைக் கழுவிவிடும், அதற்கப்புறம் பிரேக் உங்கள் பொறுப்பு. உங்கள் கார் எந்த வகை என்பதை மவுண்ட் வெலிங்டன் ஜாமில் கண்டுபிடிக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தினதும் பார்த்துவிடுங்கள்.